துடை கட்டளையின் முதல் வரி

நானூற்றுப் பன்னிரண்டு மோட்டார்களின் அளவுகள் ஒரே தட்டில் அழிந்துபோயின. தட்டியது முத்தாத்தாளின் விரல்தான். அதை அவள் யாரிடமும் இல்லையென்று சொல்லவில்லை.

கிணத்துக்கடவைத் தாண்டி இருக்கும் அந்தப் பம்புக் கம்பெனியில், போர்வெல் மோட்டார் ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்த்து அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். கருப்புத் திரை, படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். கட்டளையோடு 'உதவி' என்று சேர்த்துத் தட்டினால், அது என்ன செய்யும் என்று தமிழில் விளக்கம் வரும். பதினாறு வருடம் பெயிண்ட் பிரிவில் தின்னர் நெடியில் நின்று இளைப்பு வாங்கியவள் முத்தாத்தாள். இனி அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வயதுக்குமேல் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்திருந்ததால்தான் டெஸ்டிங்கில் இந்த நாற்காலி கிடைத்தது. இரண்டு வருடமாக நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

போன வாரம் கரண்ட் போய்வந்ததில் ஒரே மோட்டாரின் அளவு இரண்டு தரம் ஏறிவிட்டது. ஒன்றை எடுக்கவேண்டுமே என்று 'துடை' கட்டளைக்கு உதவி கேட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் எல்லா வரியையும் படித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். முதல் வரியைப் படிப்பாள், பிறகு எடுத்துக்காட்டைப் பார்த்து அப்படியே தட்டுவாள். மொத்தமாக அழிக்கிற கட்டளை என்றால் முதல் வரியிலேயே 'கவனம்' என்று இருக்கும். மோட்டாரின் எண்ணைக் கொடுக்காவிட்டால் தொட்டியில் இருக்கும் மோட்டாருக்கு மட்டும்தான் வேலை நடக்கும். எல்லாக் கட்டளைகளும் அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தன. துடையில் மட்டும் எச்சரிக்கை எடுத்துக்காட்டுக்கும் கீழே, கடைசி வரியில் கிடந்தது: எண் கொடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும். அதுவரை படிக்காமல், எண் இல்லாமலே தட்டிவிட்டாள்.

அத்தனை மோட்டாரையும் பெட்டி பிரித்து மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். லாரி நான்கு நாள் நின்றது. தப்பு விளக்கத்தின் எழுத்திலா, இந்தம்மாவிடமா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி, புரோகிராம் எழுதிக்கொடுத்த சரவணம்பட்டிக் கம்பெனியிடம் மேனேஜர் கோவிந்தராஜுலு ஆள் கேட்டார். இந்தம்மாவிடம் என்றால் அவள் பழையபடி பெயிண்ட் பிரிவுக்குப் போக வேண்டும்.

வந்தவள் புவனா. இருபத்தைந்து வயது இருக்கும். மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க எப்படிப் படிப்பீங்கன்னு அப்படியே சொல்லுங்க" என்றாள். அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் முத்தாத்தாளிடம் கேட்டதில்லை. கூச்சத்தோடு சொன்னாள்.

புவனா போனில் தன்னோடு வேலை செய்யும் நிதீஷிடம் பேசினாள். அவன் எல்லா விளக்கத்தையும் ஏஐயிடம் கொடுத்துப் படித்துக் கோளாறு சொல்லவைக்கலாம் என்றான். அது இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு வேறொன்று சொல்லும் என்றாள் இவள். சரி, இப்போது இருப்பதை அப்படியே நகலெடுத்துவைத்து, ஒரு எழுத்து மாறினாலும் சத்தம் போடுகிற மாதிரி வைப்போம் என்றான் அவன். இருப்பதே கோணல், அதை எதற்கு நகலெடுப்பது, அதுவும் தொட்டதற்கெல்லாம் கத்தினால் இரண்டே நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் மூன்றே சோதனை. அழிக்கிற கட்டளை எதுவானாலும் முதல் வரியில் கவனம் என்று இருக்கிறதா? எடுத்துக்காட்டு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வருகிறதா? எண் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எடுத்துக்காட்டுக்கு மேலேயே சொல்லியிருக்கிறதா? மூன்றும் முத்தாத்தாள் சொன்னதிலிருந்து எடுத்தவை.

"அவ்வளவுதானுங்களா அம்மணி?"

"அவ்வளவுதானுங்க்கா. கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிரும்."

ஓட்டினாள். பதினான்கு கட்டளையில் பன்னிரண்டுக்குப் பச்சை வந்தது. ஒன்றில் எடுத்துக்காட்டு இடம் மாறியிருந்தது. துடைக்கு மட்டும் இரண்டு சிவப்பு. முத்தாத்தாள் அந்தச் சிவப்பை விரலால் தொட்டே பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம்தான் சோறு ருசியாக இறங்கியது.

சாப்பிட்டு வந்து பார்த்தால் பதினான்கும் பச்சை. புவனா போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவளுடைய முதலாளி கூப்பிட்டிருக்கிறார். முதலில் விளக்கத்தைத் திருத்து, பிறகு மேனேஜரிடம் காட்டு என்று சொல்லியிருக்கிறார். அதைக்கூட அவள் முத்தாத்தாளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சைதானே, அப்புறம் எழுத்தில் என்ன கோளாறு என்று கேட்டார்.

"காத்தால செவப்பா இருந்துச்சுங்க சார்" என்றாள் முத்தாத்தாள்.

அவர் புவனாவைப் பார்த்தார். புவனா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சோதனையே இன்னைக்குத்தானுங்க சார் புதுசா எழுதினது. மொதத் தடவை ஓட்டறப்ப செவப்பு வர்றது சகஜமுங்க." அதில் பொய் ஒன்றும் இல்லை.

மேனேஜர் துடை கட்டளையின் விளக்கத்தைத் திறக்கச் சொன்னார். "இதென்ன போட்டிருக்குன்னு படி முத்தாத்தா."

படிக்கத் தெரியவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்பவளுக்கு இந்த நாற்காலியில் என்ன வேலை? விரலை வரியின் அடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். "க-வ-னம். எண் கொ-டுக்கா-விட்டால் எல்லாப் ப-தி-வும் அழியும்."

"நல்லாத்தானே படிக்கற. அன்னைக்கு மட்டும் கண்ணு எங்க போச்சு?"

அன்றைக்கு இது இங்கே இல்லைங்க என்றாள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து பெயிண்ட் பிரிவுக்குப் போய்விடு, இங்கே வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஷெட்டுக்கு நடந்தார்.

புவனா வயரைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள்.

"பழைய எழுத்து எங்க ஆபீசுல பத்திரமா இருக்குதுங்க்கா. ஆனா அதை நான் எடுத்துக் குடுத்தா..."

"உனக்கு வேலை போயிருமாக்கு."

ஆமாம் என்று புவனா தலையை ஆட்டினாள்.

முத்தாத்தாள் நாற்காலியைத் தள்ளி உள்ளே விட்டாள். கோபம் வரும் என்று பார்த்தாள், அசதிதான் வந்தது. "இனி இங்க உக்கார்றவங்களுக்கு இந்த மாதிரி ஆகாதுல்ல கண்ணு?"

"ஆகாதுங்க்கா. யாராச்சும் மாத்தி எழுதுனா அந்தச் சோதனையே நிறுத்திப்போடும்."

"செரி" என்றாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மூக்கைச் சுற்றி முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெயிண்ட் பிரிவுக்குள் போனாள். பத்து மணிக்கெல்லாம் இருமல் ஆரம்பித்துவிட்டது.