அடியில் ஓடிய உறுமல்

என் கணவர் பஹ்மிக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சிகரட் இல்லை, வெற்றிலை இல்லை, ஊர் வம்பும் இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து ஒரேயொரு பெட்டி இருக்கிறது.

கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. மடவளை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, தேநீர் குடித்த கையோடு சோல்டரிங் அயனைச் சூடாக்கிவிடுவார். அவர் கட்டுவது மொடியுலர் சிந்தசைசர். கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துவேன்: அது ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாக அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்குப் பின்னாலும் அவர் கையால் ஈயம் வைத்த ஒரு சர்க்கியூட். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று ஏற்றி இறக்கும். எதை எதோடு வயரால் இணைக்கிறோமோ அதற்கேற்றபடி சத்தம் மாறும். வாசிக்கக் கட்டைகள் கிடையாது, குமிழ்களைத்தான் திருக வேண்டும். வயர்கள் இடியப்பம் பிழிந்து போட்ட மாதிரி தொங்கும்.

எங்களோடு இருக்கும் மாமி அதை முதன்முதல் பார்த்தபோது, "மகன், இதுல பாட்டு எங்க ஈக்கிது?" என்று கேட்டார்.

"இனித்தான் உம்மா," என்றார் இவர்.

அந்த "இனித்தான்" நான் கலியாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது.

நான் கணித ஆசிரியை. ஹுதைபா பிறந்ததும் பாடசாலைக்கு விடுமுறை போட்டுவிட்டு, ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஸூமில் வகுப்பெடுத்தேன். எல்லாரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். நிலூஷா மட்டும் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் வீட்டில் சிக்னல் வராது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே மேட்டில் ஏறி உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு படிப்பாள். மழை வந்தால் குடையும் சேர்ந்து படிக்கும்.

ஹுதைபாவோ, பகலில் உறங்குவது பாவம் என்று நினைக்கிற பிள்ளை. வகுப்பு தொடங்கினால் போதும், வீட்டுக் கூரை பறக்கும். மாமி ஓதி ஊதிப் பார்த்தார். நான் மடியில் போட்டு ஆட்டிப் பார்த்தேன். கடைசியில், பிள்ளைகளை ரிப்கா மிஸ்ஸிடம் ஒப்படைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல டீச்சர்தான். ஆனால் கட்டுகஸ்தோட்டையில் நேரில் மட்டும்தான் படிப்பிப்பார். மற்றப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள், நிலூஷாவால் முடியாது. அது தெரிந்தும் யோசித்தேன் என்றால் எவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு மாலை, பஹ்மி பெட்டியில் ஏதோ சோதித்துக்கொண்டிருக்க, அழுதுகொண்டிருந்த ஹுதைபா பாதி அழுகையில் நிறுத்தினான். கண் சொருகியது. உறங்கிப்போனான்.

அடுத்த வகுப்பு நாளிலும் அதே பெட்டி, அதே சத்தம், அதே உறக்கம். ஆற்றுத் தண்ணீர் தூரத்தில் ஓடுவதுபோல ஒரு மெல்லிய ஓசை அது. அன்றிலிருந்து வகுப்பு நேரத்தில் பெட்டி பக்கத்து அறையில் ஓடும், நான் இங்கே சமன்பாடு போடுவேன். குப்பை, தும்பு என்று அதை நான் ஏசியதெல்லாம் அத்தோடு நின்றது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை அதற்குத் தூசியும் தட்டினேன்.

பஹ்மிக்கு மட்டும் நிம்மதியில்லை.

"நஸ்லியா, நல்லாக் கேளுங்க. அடியில ம்ம்ம்னு ஒண்டு ஓடுது. கரண்ட்டுட சத்தம். வெளங்குதா?"

எனக்கு விளங்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஏதோ ஓர் உறுமல் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவருடைய நண்பர் சுதேஷுக்கும் அது கேட்டுவிட்டது. சுதேஷ் கண்டிக் குளத்துப் பக்கம் சின்னதாய் ஒரு கோப்பிக் கடை வைத்திருக்கிறவர். வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "பஹ்மி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த உறுமல மட்டும் எடுத்திடுங்க, நம்ம கடையிலயே ஒரு சனிக்கிழமை கச்சேரி வச்சிடுவோம்," என்றார்.

பிறகு என்ன, எங்கள் வீட்டில் உறுமல் வேட்டைதான். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். பெரிய கெப்பாசிட்டர்கள் வாங்கி வந்தார். ஏர்த் வயர்களையெல்லாம் வெட்டி, ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டினார். ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டி, "இப்ப?" என்றார். உண்மையிலேயே உறுமல் இல்லை. சத்தம் கழுவித் துடைத்த கண்ணாடியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வகுப்பில் ஹுதைபா கத்திய கத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள்.

பல் முளைக்கிறது என்றேன் நான். கண்ணூறு என்றார் மாமி. பஹ்மி எல்லாக் குமிழ்களையும் திருகிப் பார்த்தார். அடுத்தடுத்த வகுப்புகளும் அப்படியே குழம்பின. ஒருநாள் நிலூஷாவின் குரல் காற்றோடு சேர்ந்து வந்தது: "டீச்சர், பாப்பா அழுவுது. நீங்க போய்ப் பாருங்க, நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்." மேட்டில் குளிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலை ரிப்கா மிஸ்ஸுக்குப் போன் பண்ணி, இந்தச் சனிக்கிழமை வகுப்போடு நிறுத்துகிறேன், பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும்விட்டேன்.

அதற்கு முன் இன்னும் ஒரு வகுப்பு இருந்தது. அன்று அழுகைக்குத் தப்பி, கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். ஹுதைபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரிட்ஜோடு சாய்ந்து நின்று, இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகில் பிரிட்ஜ் ஓடத் தொடங்கியது. இவன் அழுகையை நிறுத்தித் தலையை என் தோளில் போட்டான். கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜ் உதறிக்கொண்டு நின்றது. இவன் வாயைத் திறந்தான். மறுபடி பிரிட்ஜ் ஓடியது, மறுபடி தலை தோளுக்கு வந்தது.

எனக்குச் சமன்பாடு மறந்துபோயிற்று. "பிள்ளைகள், ஒரு நிமிஷம்," என்றேன்.

பஹ்மி வந்ததும் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். "ஒங்கட மகன் கேட்டது தண்ணிச் சத்தமில்ல. அடியில ஓடின உறுமல். நீங்க எடுத்துப்போட்டீங்களே, அது."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத இல்லாமலாக்கத்தானே நான் இவ்வளவு பாடுபட்டேன்?"

"எனக்குத் தெரியும்."

"இனி நான் திரும்ப அத உள்ளுக்குப் போடணுமா? சுதேஷ்ட கடையில வாசிக்கப்போறதும் இதே சனிக்கிழமதான்."

எனக்கு அவரைக் கேட்க வாய் வரவில்லை. பெட்டியைக் கெடுங்கள் என்று எப்படிக் கேட்பது? தேநீர் ஊற்றப் போனேன். திரும்பி வரும்போது அவர் சோல்டரிங் அயனைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் பெட்டியில் சத்தத்தைப் பிறப்பிக்கிற ஒசிலேட்டரையே அந்த உறுமலின் சுருதிக்கு இறக்கிப் பார்த்தார். ஹுதைபா கொஞ்சம் கேட்டுவிட்டு, ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்பதுபோல வீரிட்டான். "சரியான சுத்தம், அதான் பிழை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் பஹ்மி. பிறகு அலுமாரிக்குள் கிடந்த ஒரு பழைய வீட்டுப் போனின் அடப்டரை எடுத்தார். அதிலிருந்து வரும் கரண்ட்டை வடிகட்டாமல் கரடுமுரடாகவே எடுத்து, இரண்டு மூன்று ரெசிஸ்டர்கள் வைத்துக் குறைத்து, ஒரு குமிழும் பூட்டி, சின்ன சர்க்கியூட் போட் ஒன்று செய்தார். பெட்டியில் மாட்டுமுன் சரிபார்ப்பதற்காக நேரே ஒரு சிறிய ஸ்பீக்கரில் கொடுத்தார்.

ம்ம்ம்.

ஹுதைபா கொட்டாவி விட்டான். நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. கண் மூடியது.

பஹ்மி அந்தக் கையளவு போட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, அத்தனை தகடும் வயருமாக நின்ற தன் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப இவனுக்கு இது ஒண்டுமே தேவல்லயா?" என்றார் மெதுவாக. "எல்லாத்துலயும் நான் விட்ட பிழைய மட்டுமா இவனுக்குப் புடிச்சீக்கி?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். வந்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. பின்னாலேயே வந்தவர் முறைத்துப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்தார். எவ்வளவோ நாளாக நாங்கள் இப்படிச் சிரித்ததில்லை.

சனிக்கிழமை பகல் சுதேஷின் வேனில் பெட்டி டவுனுக்குப் போனது. உறுமல் எதுவும் இல்லாமல், சுத்தமாக. போகுமுன் பஹ்மி சின்ன ஸ்பீக்கரை ஹுதைபாவின் கட்டிலருகே வைத்து, குமிழை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். மாமி தஸ்பீஹ் மணியோடு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குமிழைக் கோட்டுக்குத் திருகிவிட்டு, பிஸ்மி சொல்லி வகுப்பைத் திறந்தேன்.

ஒரு சமன்பாடு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. நான் கதவைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"டீச்சர், பாப்பா எங்கங்க?" என்றாள் நிலூஷா.

"ஒறங்குறான்."

அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாரும் ரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தேவையே இல்லை, அவன் வேறு அறையில் இருந்தான். ஆனாலும் கிசுகிசுத்த குரலிலேயே விடை சொன்னார்கள், நானும் கிசுகிசுத்த குரலிலேயே படிப்பித்தேன். முழு வகுப்பும் நடந்து முடிந்தது. வகுப்பு முடிந்ததும் முதல் வேலையாக ரிப்கா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "மிஸ், குறை நெனக்காதீங்க. என்ட புள்ளைகள நானே வெச்சுக்கொள்றன்."

போனை வைக்கக்கூட இல்லை, அதற்குள் பஹ்மியின் அழைப்பு வந்தது. பின்னால் ஒரே ஆள் சத்தம், கோப்பை சத்தம்.

"ஒறங்கினானா?" என்றார். முதல் கேள்வியே அதுதான்.

"இன்னும் ஒறங்குறான். வகுப்பும் முடிஞ்சிட்டு. ஒங்கட கச்சேரி என்னாச்சி?"

ஆள் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது, அவர் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அல்ஹம்துலில்லாஹ், நஸ்லியா. இங்க ஒருத்தரும் ஒறங்கல்ல."