மூடியில் ஒட்டிய மீட்டர்

‘பாக்’, அதாவது ஐயா, என்று எல்லோரும் அழைக்கும் வாகிமின், வாயைத் திறந்தால் பாம்புகூடப் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். ஜாவாத் தீவில், சுராபாயாவின் கடற்கரைப் புழுக்கத்தில் மலைப்பாம்புக் குட்டி விற்றுப் பழகியவர். குளிர் ஊரான மாலாங்குக்கு மலையேறி வந்தபோதும் அந்த வாயை அவர் கீழே விட்டுவிட்டு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாம்பு வளர்ப்பவர்கள் கூடும் மைதானம். அவரிடம் வாங்கிய குட்டியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு செகார் வந்தாள். அழகு நிலையம் நடத்துகிறவள். குட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது, மூக்கில் குமிழி.

“நீங்க சொன்னபடிதான் பாக் வெச்சிருந்தேன்.”

“நான் சொன்னபடியா? ம்பாக், அக்கா, இது உங்க கடைக்கு வர்ற தலை இல்ல, நனைச்சு நனைச்சு ஷாம்பு போட! ஈரத்துல ஊறப்போட்டு சளி புடிக்க வெச்சுட்டீங்க. அடுத்து டிரையர் போடுவீங்களா?”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “சூட்டு மீட்டர் எப்பவும் முப்பத்திரண்டு டிகிரிதான் காட்டிச்சு” என்று செகார் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெட்டியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, முகம் சிவக்கப் போய்விட்டாள்.

குட்டியை மருத்துவரிடம் காட்டி, வீட்டில் வெதுவெதுப்பான வேறு பெட்டிக்கு மாற்றினார் வாகிமின். காலிப் பெட்டியின் சூட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தார். முப்பத்திரண்டு. ‘பெட்டி மேல் குற்றமில்லை’ என்று மீசையைத் தடவிக்கொண்டே, கழுவுவதற்காக அடியில் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஈரத் தேங்காய்நார் ஐஸில் கிடந்த மீனாகச் சில்லிட்டிருந்தது.

மீட்டரின் சூடு அறியும் கம்பி மூடியில், விளக்குக்குப் பக்கத்தில். ஒட்டியது அவரே. அங்கே ஒட்டினால் எண் மளமளவென்று ஏறும், வாங்குகிறவன் முகமும் மலரும். சுராபாயாவில் அதனால் கேடில்லை. பெட்டிக்கு மேலும் கீழும் ஒரே அடுப்பு. மாலாங்கிலோ மூடியில் சித்திரை, குட்டி படுத்த இடத்தில் மார்கழி. சூடில்லாத ஈரம் நெஞ்சில் இறங்காமல் என்ன செய்யும்?

காது மடல் எரிந்தது. தான் சொன்ன ஷாம்பு நகைச்சுவை, சிரிப்போடு சேர்ந்து மறுபடி மறுபடி கேட்டது.

மறுநாளே அழகு நிலையத்துக்குப் போனார். “குட்டி தேறி வருது ம்பாக். தப்பு பெட்டியிலதான், நான் மீட்டரை மேல ஒட்டிட்டேன். புதுப் பெட்டி தர்றேன். ஒரு வருஷத்துக்குத் தீனி எலியும் சும்மாவே தர்றேன்.”

நுரைத்த தலையொன்றிலிருந்து செகார் கையை எடுக்கவில்லை. “ஊர் முன்னாடி குடுத்த அவமானத்தை ரகசியமா வந்து திருப்பி வாங்குறீங்க. நல்ல வியாபாரம், பாக்.”

அடுத்த ஞாயிறு மேசைமேல் ஏறாத குறையாகக் கூட்டத்தைக் கூட்டினார். ஒரு பெட்டியைத் திறந்தார். “கையை அடியில வெச்சுப் பாருங்க. மீட்டரை மேல ஒட்டினது நான். செகார் மேல தப்பே இல்ல.”

“அப்ப ஷாம்பு யாருக்குப் போடணும், பாக்?” என்றான் பல்லி விற்கும் தர்மோ.

அதே சிரிப்பு, அதே வயிறுகள். வாகிமினின் கண் செகாரைத் தேடியது. அவள் வரவில்லை.

அவரிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை நீட்டினார்கள். தலையை நிமிர்த்தாமல் கம்பியைப் பிய்த்து அடியில் ஒட்டிக்கொண்டே இருந்தார்.