இரண்டு முறை அணைத்த அடுப்பு

தீயணைப்பு நிலையத்திலேயே தீப்பிடித்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிர் வரிசை முடிவெட்டும் கடைக்காரர், நிலையத்துச் சமையலறை ஜன்னலிலிருந்து கரும்புகை வருவதைப் பார்த்துவிட்டு, பொறுப்பான குடிமகனாக அவசர எண்ணுக்குப் போன் செய்திருந்தார். அப்போது இரண்டு தெரு தள்ளிக் குப்பைத்தொட்டி ஒன்றை அணைத்துக்கொண்டிருந்த வண்டிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. வண்டி ஓட்டுகிற அக்கா முகவரியைக் கேட்டுவிட்டு, "இது நம்ம அட்ரஸ் மாதிரி இருக்கே?" என்றாள். மாதிரி என்ன மாதிரி, அதேதான்.

எரிந்தது என்னவோ ஒரு குண்டான்தான். அதற்குள் இருந்த அன்றைய சாப்பாடு கரிக்கட்டையாகிவிட்டது, சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பு. ஆனால் மானம் போனதற்கு எந்தச் சுண்ணாம்பை அடிப்பது?

அக்கா என்றால் அந்த ஷிஃப்டில் எல்லோருக்கும் அக்கா. ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிவிட்ட, குழாய் பிடிக்கிற மாமாகூடச் சில நேரம் வாய் தவறி அவளை அக்கா என்று கூப்பிட்டுவிடுவார். தண்ணீர் நிரம்பிய வண்டியைக் குறுகலான சந்துக்குள் பின்பக்கமாக நுழைத்து, சுவரில் ஒரு கீறல் விழாமல் நிறுத்துகிறவள். சமையலிலும் அதே கைதான். பயமும் கிடையாது, அளவு பார்க்கிற வழக்கமும் கிடையாது.

மறுநாள் காலை நிலைய அதிகாரி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். அவர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அவர் பேசினால் முன்வரிசைக்குத்தான் கேட்கும், பின்வரிசை தலையாட்டி வைக்கும்.

"அடுப்பை அணைக்காமப் போனது யாரு?"

"நான் அணைச்சேன் சார்," என்றாள் அக்கா.

"நானும் அணைச்சேன் சார்," என்றான் நெட்டை. ஏணி ஏறுகிறவன். அவனுக்கு ஏணியே தேவையில்லை என்பது மாமாவின் அபிப்பிராயம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. அது மின்சார அடுப்பு. ஒரே பொத்தான், ஒரு முறை அமுக்கினால் எரியும், மறுமுறை அமுக்கினால் அணையும். மணி அடித்ததும் அக்கா அமுக்கிவிட்டு ஓடினாள். அணைந்தது. பின்னாலேயே வந்த நெட்டை, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி போகிற போக்கில் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினான். எரிந்தது. அடுப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. தலைதெறிக்க ஓடுகிறவன் அதையா பார்த்துக்கொண்டிருப்பான்? பொறுப்பில்லாத இடத்தில் இப்படி நடக்காது. எல்லோருக்கும் பொறுப்பு வந்துவிட்ட இடத்தில்தான் நடக்கும்.

அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் வம்பாகப் போயிற்று. கோபப்பட்டிருந்தால் ஆறியிருப்பார். "அடுத்த வாரத்துலேருந்து சாப்பாடு வெளியிலேருந்து பெட்டியில வரும். இங்க சமையல் வேண்டாம்," என்று மெல்லச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். பின்வரிசை வழக்கம்போலத் தலையாட்டியது. பெட்டி என்ற சொல் மட்டும் அக்காவின் காதில் விழுந்தது.

அவள் கதவைத் தட்டி உள்ளே போனாள்.

"சார், பெட்டி வேண்டாம் சார்."

"பசிக்குத்தானேம்மா சாப்பாடு. எங்கேருந்து வந்தா என்ன?"

"நான் முன்னாடி இருந்த ஸ்டேஷன்ல பெட்டிதான் சார். ஆளுக்கொரு பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆளுக்கொரு மூலையில போனப் பாத்துக்கிட்டே சாப்பிடுவோம். எங்களோட ஒருத்தன் இருந்தான். ஒரு நாள் புகைக்குள்ள போனவன் மாடிப்படியில அப்படியே நின்னுட்டான். கால் நகரல. ரெண்டு பேர் போயி இழுத்துக்கிட்டு வந்தாங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, அவன் குழந்தை ஆஸ்பத்திரில கிடக்குதுன்னு. காலையிலேருந்து எங்ககூடத்தான் சார் இருந்தான். ஒருத்தருக்கும் தெரியல. அதோட வேலைய விட்டுட்டுப் போயிட்டான்." அக்கா மேஜையின் மேல் கையை ஊன்றினாள். "ஒரே குண்டான்லேருந்து பரிமாறியிருந்தா, அவன் தட்டப் பாத்தே நான் கண்டுபிடிச்சிருப்பேன்."

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தடவை சமைக்கிறேன் சார். மணி எத்தனை வாட்டி வேணாலும் அடிக்கட்டும். அடுப்பு தப்பா எரிஞ்சா, நானே பெட்டிய வாங்கி வச்சுப் பரிமாறறேன்."

"சரி, பாப்போம். நானும் வந்து உக்காருவேன்," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "அணைக்கிற ஆள் கத்தணும். 'அணைச்சாச்சு'ன்னு கட்டடமே கேக்கற மாதிரி கத்தணும். அந்தச் சத்தம் கேட்டதுக்கப்புறம் எவனாவது பொத்தானத் தொட்டீங்க, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்." கடைசி வாக்கியத்தை நெட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

அரைத்த இறைச்சி அடைத்த சாசேஜைக் கட்டைவிரல் தடிமனுக்குத் துண்டு போட்டு, குண்டானின் அடியில் பரப்பினாள். இரண்டு பக்கமும் நன்றாகச் சிவந்து, உள்ளே வரைக்கும் வெந்து, கொழுப்பு கசிந்து வருகிறவரை அந்த இடத்தை விட்டு அவள் அசையவில்லை. மூலை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதிகாரி, "காய முதல்ல போடலயா?" என்றார்.

"கறியப் பாதி வேக்காட்டுல விட்டுட்டு ஓட முடியாது சார். அதனால கறி முழுசா முதல்ல. காய் எந்த இடத்துல நின்னாலும் காய்தான்."

அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம் வதங்கியது. பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கு, கேரட், கொஞ்சம் தண்ணீர், மிளகுத்தூள். கொதி வருகிற நேரத்தில் மணி அடித்தது. "அணைச்சாச்சு!" என்று அக்கா போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் கத்தரியோடு வெளியே வந்து பார்த்தார். நெட்டை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கைதியைப் போல அடுப்பைக் கடந்து ஓடினான்.

நின்றுபோன லிஃப்டிலிருந்து ஒரு தம்பதியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, மூடிவைத்த குண்டானின் சூட்டிலேயே கிழங்கு பாதி வெந்திருந்தது. "பாத்தீங்களா சார், நாம இல்லாட்டியும் அது அது வேலையப் பாக்குது," என்றாள் அக்கா. அடுப்பை மறுபடி ஏற்றினாள். தக்காளி போயிற்று. மாமா வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பீன்ஸ் போயிற்று. குளிர்பெட்டியின் மூலையில் யாரும் உரிமை கொண்டாடாமல் கிடந்த குடைமிளகாயும் போயிற்று.

"முட்டைக்கோஸ் எப்பம்மா?" என்றார் மாமா.

"அது கடைசி மாமா. இப்பப் போட்டா, நாம வர்றதுக்குள்ள கூழாயிடும்."

இரண்டாவது மணிக்கு அடுப்பின் பக்கத்தில் நின்றவர் மாமா. அவர் கத்தியது பாதி இருமலாக வந்தது, ஆனாலும் கேட்டது. போன இடத்தில் ஒரு வீட்டில் ரொட்டி கருகிய புகை, அவ்வளவுதான். "எங்கள விடவா?" என்று நெட்டை அந்த வீட்டுக்காரரைத் தேற்றினான்.

திரும்பி வந்ததும் அடுப்பை ஏற்றி, முட்டைக்கோஸையும் போட்டுவிட்டு, அக்கா கரண்டியை அதிகாரியிடம் நீட்டினாள். "கொஞ்சம் கிளறிக்கிட்டு இருங்க சார். வண்டிக்குத் தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்." அவர் கரண்டியைக் கோப்பு வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

தொட்டி நிரம்பி அக்கா குழாயைக் கழற்றிய நேரத்தில் மூன்றாவது மணி. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி வண்டியைக் கிளப்பினாள். கிளப்பிய பிறகுதான் உறைத்தது. சமையலறையில் இருப்பது அதிகாரி ஒருவர். வாயைத் திறந்தால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காத மனிதர். அணைத்திருப்பாரா? அணைத்துவிட்டுக் கத்தாமல் வந்தால், பின்னால் வருகிறவன் மறுபடி அமுக்குவான். தான் இறங்கி ஓடினாலும் அதே கதைதான். ஓட்டுகிறவள் இருக்கையை விட்டு இறங்கவும் கூடாது. கண்ணாடியில் பார்த்தால் நெட்டை, உடை மாற்றும் அறையிலிருந்து வந்தவன், ஒரு கணம் தயங்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"அணைச்சாச்சூ!"

அப்படி ஒரு குரல் அந்தக் கட்டடத்தில் அதுவரை கேட்டதில்லை. எங்கேயோ தகரம் அதிர்ந்தது. நெட்டை நின்ற இடத்திலேயே வட்டமடித்து வண்டியை நோக்கி ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் அதிகாரி ஓடிவந்து அக்காவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. கையில் கரண்டி.

"போலாம்," என்றார், பழைய குரலில்.

ஒரு பழைய சாமான் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. அக்கா வண்டியை வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள், மாமா குழாயைப் பிடித்தார், தீ பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதற்குள் அடங்கிவிட்டது. திரும்பி வந்தபோது குண்டான் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சூடு காட்டியதும் சாசேஜ் வாசனை கூடம்வரை வந்தது. கிழங்கு முனை மழுங்கி வெந்திருந்தது, முட்டைக்கோஸ் இன்னும் கொஞ்சம் நறுக்கென்றிருந்தது, குழம்பு தானாகவே கெட்டியாகியிருந்தது.

எல்லோரும் ஒரே மேஜையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நெட்டை மூன்றாவது முறை வாங்கிக்கொண்டே உப்பு குறைவு என்றான். அதிகாரி தட்டைப் பார்த்தபடி, "பெட்டிக்காரங்ககிட்ட வேண்டாம்னு நான் சொல்லிடறேன். நல்லா இருக்கும்மா," என்றார். மேஜையைத் தட்டி ஒரே ஆர்ப்பாட்டம். மாமா அந்தக் கரண்டிக்கு மாலை போட வேண்டும் என்றார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதிகாரியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு என்று சொன்னவர் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. சாசேஜ் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்.

"சார், வீட்டுல என்ன?"

"ஒண்ணுமில்ல. பசி இல்ல."

அக்கா தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். மேஜையில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"மனைவிக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்," என்றார் அவர். இந்த முறை மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "லீவு கேக்கல. வந்து ஒரு மாசம்கூட ஆகல, எப்படிக் கேக்கறது? யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

"அடுத்த ஷிஃப்ட் அதிகாரி என் மச்சான்தான் சார். இப்பவே வரச் சொல்றேன்," என்று மாமா போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். நெட்டை போய் அதிகாரியின் பையைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான்.

அக்கா ஆறிப்போன தட்டை எடுத்துவிட்டு, குண்டானிலிருந்து சூடாக இன்னொரு தட்டு வைத்தாள். "ஆஸ்பத்திரில உக்காரத் தெம்பு வேணும் சார். முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் கிளம்புங்க."

அவர் சாப்பிட ஆரம்பித்தார். தட்டு காலியாகிறவரை அக்கா எதிரிலிருந்து எழுந்திருக்கவில்லை.