வெட்டாத ரோல்

2007 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அஸ்மராவில், தன் வீட்டில், காலை ஆறு இருபதுக்கு ஒக்பாய் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. நோய் ஈரலில். அடக்கம் அன்றே மாலை நான்கு மணிக்கு, தியாகிகள் இடுகாட்டில் என்று முடிவாயிற்று.

பெட்டியை மூன்று மணிக்கு மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அப்ரெஹெத் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கணவரின் கால்மாட்டில் வெள்ளைத் துணியைத் தூக்கி, ஒரு தகர டப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையளவு டப்பா, ஒரு காலத்தில் அதில் தேயிலை இருந்தது. அவருடைய இடது ஷூவில் இடித்துக்கொண்டு அதற்குமேல் போக மறுத்தது.

"ஏடி அப்ரெஹெத்!" கதவுக்கு வெளியே அடுத்த வீட்டு ஆவெத்தாஷின் குரல். "பருப்பு வெந்தாச்சு. உப்பு எங்க வச்சுத் தொலைச்ச?"

"மேல் தட்டுல."

"பாத்தாச்சு. அங்க கேமராதான் இருக்கு. இந்த வீட்ல எந்தத் தட்டத் திறந்தாலும் கேமரா."

அப்ரெஹெத் டப்பாவைத் துணியால் மூடிவிட்டுக் கதவைத் திறந்தாள். ஆவெத்தாஷ் உள்ளே வந்தாள். துக்கத்துக்குரிய முறையில் சால்வையின் கரை கழுத்துப் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டிருந்தாள். பெட்டியில் கிடந்தவரைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவள் காலில் நின்றுவிட்டாள்.

"யாருடி இவனுக்கு ஷூ மாட்டிவிட்டது?"

"லெம்லெம்தான். அப்பாவுக்கு மரியாதையா இருக்கட்டும்னு பாலிஷ் போட்டு மாட்டினா."

"உன் மகளுக்கு என்ன தெரியும்? பதினேழு வருஷம் பிளாஸ்டிக் செருப்புல மலை ஏறினவன். ஷூ போட்டா வழுக்கும்டி இவனுக்கு. சொர்க்கத்து வாசல்லயே விழுந்து வைப்பான்."

அப்ரெஹெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. ஆவெத்தாஷும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இருவருமாக ஷூவைக் கழற்றி, கட்டிலடியில் கிடந்த பழைய கறுப்புச் செருப்பை மாட்டினார்கள். ஆவெத்தாஷ் உப்பைத் தேடிப் போனபின், டப்பாவுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

அது வியாழக்கிழமை கொடுத்த வாக்கு. அன்று ஒக்பாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இருவரும் போர்க்களத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"அப்ரெஹெத், அந்த டப்பா. என்கூடப் போட்டுடு."

"பெராக்கி கேட்டா?"

"காணோம்னு சொல்லு."

"லெத்தாய் கேட்டா?"

"அவங்க அதைப் பாக்கவே கூடாது" என்றார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்தபோது குடிக்கவில்லை.

தெருவில் போட்டிருந்த துக்கக் கூடாரத்தில் அக்கம்பக்கத்தார் அந்தப் படத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். 1991 மே 24, முப்பது வருட விடுதலைப் போர் முடிந்து போராளிகள் அஸ்மராவுக்குள் நுழைந்த நாள். பனைமரச் சாலை. பின்னால் ஒரு டாங்கி; அதன்மேல் புழுதி படிந்த தலைகள். முன்னால், படத்தின் நடுவே, வெள்ளை உடுத்திய ஒரு பெண், இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்ப, குலவையிட்டுக்கொண்டு ஆடுகிறாள். சால்வை அவளுக்குப் பின்னால் காற்றில் விரிந்து நிற்கிறது. தபால் நிலையத்திலும் முடிதிருத்தும் கடைகளிலும் நாட்காட்டிகளிலும் ஊர் பார்த்துப் பார்த்துப் பழகிய படம்தான். ஆனாலும் கூடாரத்துக்குள் நுழைந்தவர்கள் அதன் முன்னால் ஒரு கணம் நின்றார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட நின்றுவிட்டு, பிறகு அழுகையைத் தொடர்ந்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவர் ஒக்பாய். அதைக் கழுவி அச்சிட்டவள் அப்ரெஹெத். இருட்டறையில் நானூறு முறையாவது அச்சிட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் மருந்துத் தட்டில் முதலில் எழுவது நிழல்: தரையில் கிடக்கும் அந்தப் பெண்ணின் நிழல். கால்கள் அதைத் தொடவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். அவளுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. ஆடுகிறவள் கேமராவைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அதற்கு நாலு விரல் கீழே இருந்தது.

பெராக்கி கூடாரத்து மூலையில் அவளைப் பிடித்துக்கொண்டார். களத்தில் கூட இருந்தவர். இப்போது ஆவணக் காப்பகத்தில் வேலை.

"இன்னைக்குக் கேக்கறது தப்புதான். அந்த நெகட்டிவ்..."

"தேடணும், பெராக்கி."

"ஒக்பாயும் வருஷக்கணக்கா இதையேதான் சொன்னான். படத்துலருந்து படம், அதுலருந்து இன்னொரு படம்னு எடுத்து எடுத்து, அந்தம்மா முகமே கரைஞ்சு போச்சு. மூக்கக் காணோம். இனி என் மூக்க வரைஞ்சாத்தான் உண்டு."

"உன் மூக்குக்கு அந்தப் படம் பத்தாது" என்றாள் அப்ரெஹெத். அவர் சிரிப்பை மறைக்கச் சால்வைக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

டப்பாவில் இருக்கும் அந்த நெகட்டிவில் என்ன இருக்கிறது என்று பெராக்கிக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். இன்று காலையிலிருந்து ஒருத்தி.

1991 மே 21ஆம் தேதி, தெக்கெம்ஹாரே அருகே, நெகாஸி என்ற இளம் புகைப்படக்காரன் எறிகணைச் சிதறல் பட்டு இறந்தான். இருபத்திரண்டு வயது. ஒக்பாயிடம் தொழில் கற்றவன். ஒக்பாயின் சொந்தக் கேமரா புழுதி புகுந்து இறுகிப்போயிருந்ததால், அவனுடைய கேமராவை எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் முப்பத்தாறு படம் எடுக்கும் ரோல்; எடுத்த படங்களை எண்ணிக் காட்டும் முள் இருபத்திரண்டில் நின்றது. களத்தில் யாரும் பாதி ரோலைக் கழற்ற மாட்டார்கள். பிலிம் தானிய மூட்டைகளுக்குள் எல்லை தாண்டி வரும் பொருள். பாதியில் கழற்றியவனை ஒரு மாதம் சமையலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஒக்பாய் மீதிப் பதினான்கையும் அஸ்மராவுக்குள் நுழைந்த அன்று எடுத்தார். அதில் ஒன்பதாவது, ஆடும் பெண். அவள் பெயர் லெத்தாய். நெகாஸியின் தாய்.

அன்று ஊரே தெருவில் நின்று போராளிகளிடம் பெயர் சொல்லிக் கேட்டது. என் மகனைப் பார்த்தீர்களா, என் மகளைப் பார்த்தீர்களா. இறந்தவர்களைப் பற்றி அப்போது சொல்லக் கூடாது என்று போராளிகளுக்குக் கட்டளை. லெத்தாய் கேட்டபோது ஒக்பாயும் எல்லாரையும் போலத்தான் சொன்னார்: "பின்னால வர்றான் அம்மா." சொல்லும்போது அவள் மகனின் கேமரா அவர் கையில் இருந்தது.

அன்று பிற்பகலே அப்ரெஹெத் அந்த ரோலைக் கழுவினாள். ஓடிப்போன ஓர் அதிகாரியின் வீட்டுக் குளியலறை. ஜன்னலுக்குக் கம்பளி அடைத்திருந்தது. மலைக்குகைக்குள் ஒரு வாளித் தண்ணீரில் நாற்பது படம் அலசிப் பழகியவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பயந்துபோய் மூடினாள். மறுபடி திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே நகரம் குலவையிட்டுக்கொண்டிருந்தது. ரோலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான், மகன் எடுத்ததும் தாயை எடுத்ததும் ஒரே பிலிமில் இருப்பதைக் கண்டாள். எல்லா ரோலையும் ஆறாறு படமாக வெட்டி உறையில் போடுவது வழக்கம். இதில் மட்டும் அவள் கத்தரிக்கோலை வைக்கவில்லை.

பிறகு வீடு வீடாக, இறந்தவர்களின் பெயரோடு அறிவிப்புத் தாள் வந்தது. லெத்தாய் வீட்டுக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒக்பாய் டப்பாவைத் திறக்க விடவில்லை.

ஒன்றரை மணிக்குக் கூடாரத்தில் பேச்சு திடீரென்று அடங்கியது. அப்ரெஹெத் எட்டிப் பார்த்தாள். ஆண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். தொங்கவிட்ட படத்துக்குக் கீழே, படத்தில் இருந்தவள் நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயது, முழங்கால் வீங்கி, கம்பு ஊன்றியிருந்தாள். தெருமுனையிலேயே இறந்தவர் பெயரைச் சொல்லி அழுதுகொண்டு வருவதுதான் முறை. அவள் அழவில்லை. படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரி எங்க?" என்று கேட்டாள்.

அறைக்குள் வந்ததும் முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள். "நல்லவேளை, செருப்பு மாட்டிவிட்டிருக்கீங்க" என்றாள்.

"உக்காருங்க அக்கா."

"இந்த மனுஷன் என்னைக் கண்டா தெரு மாறிப் போவாரு. ஒருதடவை தபாலாபீஸ் வாசல்ல லாரிக்குப் பின்னால ஒளிஞ்சாரு. இந்த உசரத்த வச்சுக்கிட்டு லாரிக்குப் பின்னால ஒளிய முடியுமா? தலை தெரியுது." கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள். "எதுக்கு ஒளியணும்? கடிச்சா வச்சிருவேன்?"

"அவருக்கு உங்க முகத்துல முழிக்க முடியல அக்கா."

"பின்னால வர்றான்னாரே, அதுக்கா? அன்னைக்கு எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. உங்களுக்குக் கட்டளை." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும்."

அப்ரெஹெத் அறைக் கதவைச் சாத்தினாள்.

"நெகாஸி வீட்ட விட்டுப் போன அன்னைக்குக் காலைல, கொடியில என் சால்வை தொங்குது, கரையக் காணோம். பச்சை, நடுவுல சிவப்பு. சொல்லி நெய்ய வச்ச கரை. கத்தரிக்கோலால நறுக்கியிருக்கு. எவன்டா என் சால்வையை நாசம் பண்ணதுன்னு கத்திக்கிட்டு அவனை எழுப்பப் போனேன். படுக்கை காலி." தலையசைத்துப் பெட்டியைக் காட்டினாள். "நீங்கல்லாம் ஊருக்குள்ள வந்த அன்னைக்கு இவரு எனக்குப் பதில் சொல்லிட்டு, கேமராவைக் கண்ணுல வச்சாரு. அதோட வாரு கீழ தொங்குது. என் கரை. மடிச்சுத் தச்சு, அழகா வாராக்கியிருந்தான். தைக்க யாரு சொல்லிக் குடுத்தாங்களோ."

நாலு விரல் கீழே. அப்ரெஹெத் தரையில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டா ஆடினீங்க?"

"பாத்துட்டுத்தான்." லெத்தாயின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "முப்பது வருஷம் காத்திருந்த நாளு, வாசல்ல வந்து நிக்குது. அதுக்குத்தான அவன் போனான். யாராவது ஆடணும்ல."

வெளியே தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. ஆவெத்தாஷ் யாரையோ அதட்டினாள். அப்ரெஹெத் எழுந்து, கணவரின் கால்மாட்டில் துணியைத் தூக்கி, டப்பாவை வெளியே எடுத்தாள்.

"உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அப்ப காட்டாத."

"காட்டறேன்."

ஜன்னலருகே இருவரும் நின்றார்கள். பிலிமின் ஒரு முனை லெத்தாயின் கையில், மறுமுனை அப்ரெஹெத்தின் கையில். இரண்டு பேரும் கை நீட்டிய தூரத்துக்கு அது நீண்டது.

"அவன் இதுல இருக்கானா?"

"இல்ல அக்கா. எடுக்கிறவன் படத்துல வரமாட்டான்..." சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்தது. விரலால் எண்ணிக்கொண்டு பத்தொன்பதுக்குப் போனாள். "இருங்க. இங்க பாருங்க. தரையில விழுந்த அவன் நிழல். எடுக்கும்போது விழுந்தது."

நெகட்டிவில் நிழல் இருட்டாக இருக்காது. அந்த இடத்தில் பிலிம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சுற்றிலும் மண் கறுத்துக் கிடக்க, மதிய வெயில் அதன் வழியே நேராக வந்தது. முழங்கைகளை அகட்டி நிற்கும் ஓர் உருவம், முழுக்க வெளிச்சத்தால் ஆனது.

லெத்தாய் அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடும்போதும் முழங்கைய இப்படித்தான் வச்சிருப்பான்" என்றாள் கடைசியில். "தட்டுல பக்கத்துல ஒருத்தர விடமாட்டான்."

இருபத்திரண்டாவதில் ஒருவர் பாறையில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். "இது யாரு?"

"இவருதான். உங்க பையன் கிண்டலுக்கு எடுத்தது. அதான் அவன் கடைசியா எடுத்தது. அடுத்ததுலருந்து இவரு."

இரண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளிதான் இருந்தது. லெத்தாய் அந்த இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"அங்க வெட்டித் தர்றேன்" என்று அப்ரெஹெத் கத்தரிக்கோலை எடுத்தாள். "அவன் பங்கு உங்களுக்கு."

"வெட்டாத." லெத்தாய் பெட்டியின் பக்கம் திரும்பினாள். "அவனை எங்க பொதச்சீங்க?"

"தெக்கெம்ஹாரே பக்கம். ஒரே பள்ளம், ஒம்பது பேரு. பிறகு போய்த் தேடினோம். இடம் அடையாளம் தெரியல அக்கா."

"எனக்கு வந்த தாள்ல இடமே போடல." கையில் இருந்ததைச் சுருட்டத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை, விரல் ரேகை படத்தின் மேலேயே பதிந்தது. பிலிமின் முகத்தைத் தொட்டவர்களை முப்பது வருடங்களாகக் கையில் அடித்துவந்த அப்ரெஹெத் பார்த்துக்கொண்டு நின்றாள். லெத்தாய் சுருளை டப்பாவில் வைத்து மூடி, ஒக்பாயின் கோர்த்த கைகளுக்கு அடியில், நெஞ்சின்மேல் வைத்தாள்.

"இங்க கல்லுல நம்பர் போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"அப்ப சரி" என்று துணியை இழுத்துச் சரிசெய்தாள். "வந்தா இடம் தெரியும்."

மூன்று மணிக்குப் பெராக்கியும் மற்றவர்களும் பெட்டியை மூட வந்தார்கள்.

நான்கு பத்துக்கு அடக்கம் முடிந்தது. ஏழாவது வரிசை, எண் நாற்பத்தொன்று. மறுவாரம் பெராக்கி வந்து கேட்டபோது நெகட்டிவ் இல்லை என்று அப்ரெஹெத் சொன்னாள். காப்பகப் பதிவேட்டில் அந்தப் படத்துக்கு நேரே 'மூலம் கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். ஜூன் இருபது, தியாகிகள் நாளில், லெத்தாய் கம்பை ஊன்றிக்கொண்டு ஏழாவது வரிசைக்கு வந்தாள். நாற்பத்தொன்றாம் எண்ணில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனாள்.