செய்த நாட்டு நேரம்

துப்பாக்கிக் குண்டு, அந்தத் துப்பாக்கியைச் செய்த நாட்டின் நேரப்படிதான் வந்து சேரும். லாசர் தன் அக்கா புருஷன் சந்தியாகுவைக் காலை பத்து மணிக்குச் சுட்டான். படகுக்கு யாருடைய பெயரை வைப்பது என்று தகராறு. இனி அந்த நாட்டில் பத்து மணியாகும்போது, சந்தியாகு எங்கே இருந்தாலும் குண்டு அவர் நெஞ்சில் பாயும். எந்த நாடென்று தெரியாததால், இருவரும் ஒரே ஸ்கூட்டரில் தூத்துக்குடி ஆயுதப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்கள். வழியில் கூட்டம். போய்ச் சேர மதியமாகிவிட்டது.

பரிசோதகர் ஹெப்சிபா துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தாள். நாட்டின் பெயரை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். வெவ்வேறு நாடுகளில் செய்த அதே ரகத் துப்பாக்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜப்பானை உடனே ஒதுக்கினாள். அங்கே செய்ததாக இருந்தால், லாசர் சுடுவதற்கு முன்பே சந்தியாகு செத்திருக்க வேண்டும். மிச்சம் பிரேசிலும் பெல்ஜியமும்.

"பிரேசில்னா சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்க. பெல்ஜியம்னா இன்னும் கால் மணி நேரந்தான்."

"என் பெஞ்சாதி பிலோமி மதுரையிலேர்ந்து பஸ் ஏறிட்டா," என்றார் சந்தியாகு. "அவ முகத்தைப் பார்த்துட்டா போதும்."

லாசர் டீ வாங்கி வந்து அத்தானுக்கு ஆற்றிக் கொடுத்தான். அவர் குடிக்கவில்லை.

ஹெப்சிபா விசைகளை இழுத்துப் பார்த்தாள். பெல்ஜியத்து விசை வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிரேசில் முரண்டு பிடித்தது. லாசருடையது எதனோடும் சேரவில்லை. கைப்பிடியைக் கழற்ற முனைந்தாள். விரல் வியர்த்து, திருகாணி நழுவி நழுவிப் போனது.

சந்தியாகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். புதுச் சட்டை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். லாசர் அவர் கையை இறுகப் பிடித்தான்.

"அத்தான், உங்க பேரையே வச்சிருக்கலாம்."

"இப்ப வந்து சொல்றே."

கால் மணி நேரம் கழிந்தது. ஒன்றும் பாயவில்லை. கைப்பிடி கழன்று வந்தது. உள்ளே சின்ன முத்திரை, இரட்டை வால் சிங்கம்.

"செக்கோஸ்லோவாக்கியா," என்றாள் ஹெப்சிபா.

"அங்க எப்ப பத்து மணி?"

"அந்த நாடே இப்ப இல்ல. ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. பத்து மணி ஆக வழியில்ல."

சந்தியாகு குலுங்கிக் குலுங்கி அழுதார். லாசர் குனிந்து அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். அப்போது பிலோமி மூச்சிரைக்க உள்ளே வந்து, புருஷனின் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

"வாசல்ல ஒரு வெள்ளைக்காரர் நிக்கிறார்," என்றாள். "செக்கோஸ்லோவாக்கியா நாட்டுத் தூதராம். அந்த நாட்டு நேரம் காட்டுற சுவர்க்கடிகாரம் கொண்டுவந்திருக்கார். மாட்ட ஆணி இருக்கான்னு கேக்கிறார்."

ஹெப்சிபா மேசை இழுப்பறையைத் திறந்து ஆணி தேடினாள்.