இரண்டு கறுப்புக் கோலிகள்

எங்கள் ஹெஸ்லர்வில் தொண்டர் தீயணைப்புப் படைக்கு இந்தக் கோடையில் நூறு வயது ஆகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறோம். நான் செயலாளர் என்பதால் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய கூட்டக் குறிப்புகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். அணைத்த தீக்கு ஒரு வரி, ஊர்வலத்தில் வாங்கிய கோப்பைக்கு ஒரு பக்கம். வண்டியை மெழுகு போட்டுத் தேய்த்ததற்கெல்லாம் கோப்பை வாங்கியிருக்கிறோம். பென்சில்வேனியா முழுக்க எங்கள் வண்டியைப் போலப் பளபளக்கிற வண்டி கிடையாது என்று பீற்றிக்கொள்வோம்.

புது ஆளைச் சேர்க்க எங்களிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. ஒவ்வொருவராகப் போய்க் கையை உள்ளே விட்டு வெள்ளைக் கோலியோ கறுப்புக் கோலியோ போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கறுப்பு விழுந்தால் பரவாயில்லை. இரண்டு விழுந்தால் ஆள் வெளியே. அப்புறம் ஐந்து வருஷத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன் வெர்னா டிரைபெல்பிஸ் விண்ணப்பம் கொடுத்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், பால் டேங்கர் ஓட்டுகிறவள். பண்ணைகளைச் சுற்றிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் ஆட்களோ பகலில் முப்பது மைல் தள்ளி ஆலையில் இருப்பார்கள். நிலையத்தில் மிஞ்சுவது தலைவர் எல்வுட் மோயரும் சீட்டாடும் இரண்டு கிழவர்களும்தான். எல்வுட்டுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. வண்டியில் ஏறவே இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.

"பகல்ல தீப்பிடிச்சா வண்டிய யாருங்க எடுக்கிறது?" என்று கூட்டத்தில் வெர்னா கேட்டாள்.

"இத்தனை வருஷமா எடுக்கலையா?" என்றார் எல்வுட். "ஆசையா இருந்தா மகளிர் அணியில சேரும்மா. கோழி சூப் கிண்ட ஆள் பத்தல."

"நான் கிண்டினா நீங்க குடிக்க மாட்டீங்க. எனக்கு வண்டிதான் வரும்."

எல்லோரும் சிரித்தோம். அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கோலி போட்டோம். பெட்டியைத் திறந்து எண்ணியது நானும் எல்வுட்டும். இரண்டு கறுப்பு. 'தேர்வாகவில்லை' என்று மட்டும் அவளிடம் சொன்னோம்.

அதில் ஒன்று நான் போட்டது. காரணத்தைக் கேட்டால் காறித் துப்புவீர்கள். செவ்வாய்க்கிழமைச் சீட்டுக் கச்சேரியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் வாய்க்கு வந்ததைப் பேச முடியாதே என்று பட்டது. அவ்வளவுதான்.

போன அக்டோபரில் ஒரு நாள், பகல் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கை முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தவன் நிலையத்துக்கு ஓடினேன். இரண்டு தெரு தள்ளி ஹோமர் ராவ்க் வீட்டில் புகை. மனிதருக்கு எண்பத்திரண்டு வயது, மாடியில் தனியாகப் படுத்திருப்பவர். எனக்கு முன்னால் வெர்னா வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எல்வுட் தடியை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"இறங்கும்மா. உறுப்பினர் இல்லாதவங்க வண்டியத் தொடக் கூடாது."

"ஹோமர் மாடியில இருக்காருங்க! நகருங்க!"

"எங்கயாவது கொண்டுபோய் இடிச்சா இன்சூரன்ஸ்காரன் என் கழுத்தத்தான் பிடிப்பான். இறங்குன்னா இறங்கு."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். வெர்னா இறங்கி நடந்தே ஓடினாள். புகையில் பாதிப் படிக்கு மேல் அவளால் ஏற முடியவில்லை. பக்கத்து ஊர் வண்டி வந்து சேரப் பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. ஹோமரை மாடிப்படியின் மேல் படியில் கண்டெடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் படையின் பெயரில் பெரிய மலர்வளையம் அனுப்பினோம். வண்டியையும் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

மலருக்கு எழுதியதில் அந்தத் தீயைப் பற்றிய பக்கத்தை எல்வுட் திருத்திக் கொடுத்தார். 'பலத்த காற்று வீசியதால் காப்பாற்ற இயலவில்லை.' அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை.

"ஏம்பா லமார், நூறாவது வருஷ மலர்ல போயி ஊர் அசிங்கத்த எழுதுவாங்களா?"

"ஊர் அசிங்கம் இல்லைங்க. நம்ம அசிங்கம்."

அவர் திருத்திய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் கோலியையும் எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் வெர்னாவிடம் காட்டப் போனேன். பொய் சொல்வானேன், நல்ல மனுஷன் என்று அவள் சொல்வாள் என்ற நப்பாசை இருந்தது.

டேங்கரின் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"கறுப்பு ரெண்டுதான் விழுந்துச்சா?"

"ஆமா."

"மூணு இல்லையே?"

"ரெண்டேதான்."

"அப்போ நீ ஒருத்தன் வெள்ளையப் போட்டிருந்தா நான் உள்ள வந்திருப்பேன். அன்னைக்கு வண்டிய எடுத்திருப்பேன்."

மூன்று வருஷமாக அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

அவள் காகிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

"எல்வுட்டுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்க. உனக்கு ஒரே ஒரு வரிதானா லமார்?"