பதினான்காவது போர்ட்

'மார்ச் 11, திங்கள். ஒரு சிறு தவறு. வெள்ளிக்கிழமை பதினான்காவது போர்ட்டின் அறிவிப்பை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன்.'

நோட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு 'சிறு' என்பதை மட்டும் கோடிட்டு அடித்தாள். மாலை நெட்வொர்க் வகுப்பு தொடங்க அரை மணி நேரம் இருந்தது. பெஞ்சில் அவள் மட்டும்தான்.

பகலில் அவளுக்கு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. இரண்டாம் மாடியின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் அவள் பொறுப்பு. அதில் கேபிள் செருகும் துளைகளான போர்ட்டுகளில் எதில் இணைப்பு அறுந்தாலும் அவள் போனுக்குச் செய்தி வரும்; அப்படி அமைத்ததே அவள்தான். பதினான்கில் இருந்தது, தாய்ப்பாலை உறைய வைக்கும் ஃப்ரீசரின் வெப்பம் பார்க்கும் பெட்டி. ஃப்ரீசருக்கும் பெட்டிக்கும் ஒரே பிளக். கரண்ட் போனால் பெட்டி அணையும், இணைப்பு அறும், போன் கத்தும்.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கேபிளின் முனை ஒடிந்து, நாள் முழுக்கச் செய்தி வந்து குவிந்தது. "என்ன பாப்பா, உன் போன் வாயே மூடாதா?" என்று கேபிள் இழுக்கும் அண்ணன் கிண்டலடித்தார். தொல்லை தரும் போர்ட்டை மட்டும் வாயடைக்கும் வித்தையை முந்தின நாள்தான் வகுப்பில் கற்றிருந்தாள். கை சும்மா இருக்குமா? அடைத்தாள். மாலையே கேபிளை மாற்றி, நோட்டில் '14 - கேபிள் மாற்றியாயிற்று' என்று டிக் போட்டாள். வாயைத் திறந்துவிட வேண்டும் என்பதை எழுதவில்லை. எழுதாத வேலை அவளுக்கு இல்லாத வேலை.

சனிக்கிழமை மாலை பிளக் கழன்றிருக்கிறது. ஞாயிறுக்கு வேண்டிய பாலை முன்பே எடுத்து வைத்திருந்ததால் யாரும் ஃப்ரீசரைத் திறக்கவில்லை. இன்று காலை நர்ஸ் அக்கா திறந்தபோது பன்னிரண்டு பாட்டிலும் இளகிக் கெட்டிருந்தன. இவள் ஓடிப்போய் ஸ்விட்ச்சைப் பார்த்தாள். பதினான்கு அப்படியே ஊமையாக இருந்தது. அறிவிப்பைத் திரும்பப் போட்டாள்.

பன்னிரண்டும் ஒரே தாயுடையவை. குறைமாதக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். தாய்க்குக் கடும் மருந்து தொடங்கிவிட்டது. இனி அவள் பாலைக் கொடுக்க முடியாது. மருந்துக்கு முன் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தது அவ்வளவுதான்.

"பிளக்குதானே கழண்டுச்சு, உன்னை யாரு கேக்கப் போறா? பேசாம இரு," என்றார் அண்ணன். அது ஆறுதலாகத்தான் இருந்தது, மதியம் வரை.

மதியம் நர்ஸ் அக்கா வந்து சொன்னாள்: "பாவம்டி அந்தப் பொண்ணு, சாப்பிடவே மாட்டேங்குது. சனிக்கிழமை கடைசியா அந்த ஃப்ரீசர் ரூம்ல நின்னது அதுதானாம். 'என் கால்தான் ஒயரைத் தட்டியிருக்கு'ன்னு ஒரே புலம்பல். புருஷன்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கான்."

மேலே போனாள். தாய் ஃப்ரீசர் அறைக் குழாயடியில் நின்று காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா வேணும்?"

"இல்லக்கா... ஒயர் பாக்க வந்தேன்."

"நல்லாப் பாரும்மா. என் கால் எங்க பட்டுச்சுன்னே தெரியல."

கால் படவில்லை என்று சொல்ல முடியாது, பட்டிருக்கலாம். ஆனால் அறிவிப்பை நிறுத்தாமல் இருந்திருந்தால், யார் கால் பட்டிருந்தாலும் அடுத்த நிமிடமே தனக்குத் தெரிந்திருக்கும், ஆள் அனுப்பிச் செருகியிருக்கலாம் என்று சொல்லலாமே. குனிந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

வகுப்புக்கு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நோட்டின் அடியில் வழக்கம்போல் எண் போட்டு எழுதினாள்.

'நாளை, செவ்வாய்.
1. காலை ஏழு மணிக்குப் பதினான்கின் கேபிளைப் பிடுங்கி, செய்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.
2. இரண்டாம் மாடி. கணவரும் பக்கத்தில் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.'